மாமாவின் 407: சுற்றாத இன்ஜினும் புல்லியில் போட்ட கோடுகளும்

இரண்டு மழைக்காலம் களத்து ஓரத்தில் நின்று இன்ஜின் ஜாமாகிப்போன மாமாவின் டாடா 407 இப்போது ஓடுகிறது. வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போய் வந்தாயிற்று. இப்படி நின்றுபோன வண்டிகள் டெல்டாவில் ஊருக்கு ஒன்றிரண்டாவது இருக்கும். வழக்கமாக என்ன நடக்கும்? டிராக்டரில் கயிறு கட்டி, வண்டியை கியரில் போட்டு இழுப்பார்கள். பின்சக்கரம் சுற்றாமல் களிமண்ணில் உழுதுகொண்டே போகும். "இன்ஜின் போச்சுப்பா" என்று சொல்லிவிட்டு காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவார்கள். இழுக்கிற இழுவையில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் உடைந்து லைனரை, அதாவது சிலிண்டரின் உள்சுவரை, கீறிவிட்டால், பிழைத்திருக்க வேண்டிய இன்ஜினும் நிஜமாகவே போய்விடும். எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் பலம் கொடுக்கவே கூடாது என்பதில் எனக்கு இப்போது துளியும் சந்தேகமில்லை. நாங்கள் அதைக் கண்டுபிடித்த வழியை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வண்டி 1994 மாடல். 407 ரோட்டுக்கு வந்தது 1986-இல். மாமாவினுடையது டர்போ இல்லாத பழைய 497 இன்ஜின். நான்கு சிலிண்டர், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 100 மி.மீ., மொத்தம் 2956 சிசி. எல்லாமே இரும்பும் கியரும்தான், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்க எதுவும் இல்லை. கையும் கண்ணும் போதும்.

உதவிக்கு வந்தவர் கூத்தாநல்லூர்ப் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவர். ஊரில் எல்லாருக்கும் அவர் பாய்தான். வந்ததும் ஸ்பேனரைத் தொடவில்லை. மாமாவின் கட்டிலருகே உட்கார்ந்து, "மாமு, ஓடிக்கிட்டிருக்கும்போது நின்னுச்சா, நிறுத்தின வண்டி புடிச்சுக்கிச்சா?" என்று கேட்டார். மாமாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபிறகு வண்டியை எடுக்க ஆளில்லை. கடைசியாகக் கொள்முதல் நிலையத்தில் நெல் இறக்கிவிட்டு வந்து நிறுத்தியபோது சூடும் இல்லை, சத்தமும் இல்லை, ஆயில் பிரஷரும் சரியாக இருந்தது.

அந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்தது. ஓடும்போது பிடித்திருந்தால் ஆயில் இல்லாமல் பேரிங் கருகியிருக்கலாம், தண்ணீர் குறைந்து பிஸ்டன் உருகி ஒட்டியிருக்கலாம். நின்ற இடத்தில் பிடித்திருந்தால் பெரும்பாலும் தண்ணீர், துரு. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே; வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்று ஆடி மாதம்கூட வீடு வரை வரும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸை யாரோ கழற்றிவிட்டு, வாயைச் சாக்குத்துணியால் கட்டி வைத்திருந்தார்கள். சாக்கை எலி கடித்திருந்தது. பானெட் இடுக்கில் சொட்டும் மழைநீர் நேராக அந்த வாயில்தான் விழும்.

முதலில் கரண்ட் பக்கம். பழைய பேட்டரி செத்துப்போயிருந்தது. டிராக்டர் பேட்டரியிலிருந்து தடித்த கேபிள் போட்டுச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், ஹெட்லைட் மங்கிவிடுகிறது. அதாவது இன்ஜினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் அதால் சுற்ற முடியவில்லை. செல்ஃபின் சின்னப் பல்சக்கரம் (பினியன்) இன்ஜினின் பெரிய பல்சக்கரத்தில் (ரிங் கியர்) சிக்கிக்கொண்டாலும் இதே அறிகுறிதான் வரும் என்பதால் செல்ஃபைக் கழற்றினோம். துருப்பிடித்த போல்ட்டுகளோடு ஒரு மதியம் போனது. பினியன் பற்கள் சுத்தம், தனியாகக் கரண்ட் கொடுத்தால் விர்ரென்று சுற்றுகிறது. இன்ஜின் அசையவில்லை. செல்ஃப் குற்றவாளி இல்லை.

அடுத்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றினோம். டைனமோவும் வாட்டர் பாடியும் கையால் சுற்றின. கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை நாலு பேர் தள்ளினால் உருண்டது. கியர்பாக்ஸுக்குப் பின்னால் எதுவும் பிடிக்கவில்லை. இப்படி வெளியே தொங்குகிற ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டே போய், கடைசியில் கிராங்கும் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) பிஸ்டன்களும் மட்டும் மிஞ்சின.

ரேடியேட்டர், முன் கிரில், பம்பர் மூன்றையும் எடுத்த பிறகுதான் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டுக்கு நேராகக் கை போனது. பாக்ஸ் மாட்டி, இரண்டடி கைப்பிடியில் ஒரு ஆள் அழுத்துகிற அளவுக்கு மட்டும் அழுத்திப் பார்த்தோம். முறுக்க வேண்டியது போல்ட் இறுகுகிற திசையில். இன்ஜினின் ஓட்டத் திசையும் அதுவே. எதிர்த்திசையில் முறுக்கினால் இன்ஜினுக்குப் பதில் போல்ட்தான் கழன்று வரும். மயிரிழைகூட அசையவில்லை. பாய் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்கு நேராகப் பிளாக்கிலும் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு பின்னால் எவ்வளவு பேசும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்ஜினின் அடியில் ஆயில் தங்குகிற சேம்பரின் வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தினோம். ஆயில் வருவதற்கு முன் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் வந்தது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கிவிடும். போல்ட்டை ஒரேயடியாகக் கழற்றினால் எல்லாம் கலந்து கொட்டி இது தெரியாமலே போயிருக்கும். ரேடியேட்டரைக் கழற்றும்போதே பார்த்திருந்தோம்: தண்ணீரில் ஆயில் படலம் இல்லை, அளவும் குறையவில்லை. எனவே உள்ளே வந்தது மழைத் தண்ணீர். ஏதோ ஒரு பிஸ்டனைத் தாண்டி ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. எந்தப் பிஸ்டன்?

இந்த இடத்தில்தான் பாய் இன்ஜின் உச்சியிலுள்ள மூடியை, டேப்பெட் கவரை, கழற்றச் சொன்னார். நானாக இருந்தால் நேராக டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றியிருப்பேன். கவரை எடுத்ததும் ராக்கர்கள் (வால்வைத் திறக்கும் நெம்புகள்) எந்தெந்த வால்வை அழுத்திக்கொண்டிருக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது சிலிண்டரின் இன்டேக் (காற்று வரும்) வால்வும் நான்காவதின் எக்ஸாஸ்ட் (புகை போகும்) வால்வும் அமுங்கித் திறந்திருந்தன. ஒன்றிலும் இரண்டிலும் எல்லா வால்வும் மூடி.

இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-3-4-2. மூன்று காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும்போது ஒன்று அமுக்கத்தில் ஏறும், இரண்டு பவர் ஸ்ட்ரோக்கில் இறங்கும், நான்கு புகையைத் தள்ளிக்கொண்டு ஏறும். பார்த்ததும் இதுவும் ஒத்துப்போனது. அப்படியானால் இரண்டு வருஷமாக வானம் பார்த்துத் திறந்து கிடந்த கதவு மூன்றாவது இன்டேக் வால்வு மட்டும்தான். ஹோஸ் வாயில் விழுந்த மழை வேறெங்கும் போக வழியில்லை. நான்காவதுக்கு சைலன்ஸர் பக்கமிருந்து ஈரக்காற்று வந்திருக்கும், அவ்வளவே.

நான்கு நாசில்களையும் கழற்றினோம். பைப் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் காகிதத்தால் கட்டி, எந்த நாசில் எந்த ஓட்டைக்கு என்று நம்பர் எழுதிவைத்தோம். மெல்லிய கம்பி முனையில் வெள்ளைத் துணி சுற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு எடுத்தால் ஒன்றிலும் இரண்டிலும் கரி மட்டும். நான்கில் லேசான செம்மை. மூன்றில் துருச்சேறு.

பிறகு ஊற வைத்தல். பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றுகிற ஏடிஎஃப் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி. முதலில் சிலிண்டருக்கு 50 மில்லி ஊற்றினோம், அது போதவில்லை. காரணம் எளிது: இது டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின். பிஸ்டனின் தலையில் ஒரு குழி இருக்கிறது. ஊற்றியதில் பெரும்பகுதி அந்தக் குழியிலேயே தங்கிவிட்டது. ரிங் இருக்கிற ஓரத்துக்குப் போகவே இல்லை. 97 மி.மீ. வட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் நிற்கவே 74 மில்லி வேண்டும், குழி தனிக்கணக்கு. அதற்கப்புறம் 120 மில்லி ஊற்றினோம். மறுநாள் கம்பி விட்டுப் பார்த்தால் ஒன்றிலும் இரண்டிலும் கலவை கீழே இறங்கிவிட்டது, நான்கில் பாதி நின்றது, மூன்றில் ஊற்றியது ஊற்றியபடி. ரிங்கும் லைனரும் துருவால் ஒட்டி அடைத்துக்கொண்ட இடத்தில் கலவை இறங்காது. மறுபடி மறுபடி ஊற்றி, ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்திருந்தோம்.

பொறுத்த பிறகும் அடித்துத் திருப்பவில்லை. புல்லி போல்ட்டில் பாக்ஸ், அதற்கு ஒரு நீட்டிப்பு ராடு, அதில் ஒரு மீட்டர் இரும்பு பைப்பைப் படுக்கைவசமாக வைத்து, முனையில் 20 கிலோ நெல் அளந்து கட்டிய சாக்கைத் தொங்கவிட்டோம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர். போல்ட்டை முறுக்கி உடைக்கிற பலம் இல்லை, ஆனால் ராத்திரி முழுக்க விடாமல் இழுக்கும். வண்டி நியூட்ரலில், நாலு சக்கரத்துக்கும் கட்டை. காலையில் பார்த்தபோது சாக்குமூட்டை இறங்கியிருந்தது. புல்லிக் கோடும் பிளாக் கோடும் இரண்டு விரல்கடை விலகியிருந்தன. மாமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு களம் வரை நடந்து வந்து பார்த்தார்.

சாக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினோம். நாசில் ஓட்டைகளின் மேல் துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே நிற்கிற கலவை பீய்ச்சி அடிக்கும். முன்பக்கமாக அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் போய் இறுக்கமாக நின்றது. அங்கே இரண்டாவது கோடு போட்டோம். திருப்பினால் பழைய முதல் கோட்டில் வந்து நின்றது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே தாராளமாக ஆடுகிறது. எந்தப் பக்கமும் அதைத் தாண்ட மறுக்கிறது.

"இன்னும் கொஞ்சம் நெல்லு போடுவோமா பாய்?" என்றேன்.

"கோட்டைப் பாரு தம்பி. டிடிசி எங்க இருக்கு?"

புல்லியிலுள்ள டிடிசி குறி இரண்டு சாக்பீஸ் கோடுகளுக்கும் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருந்தது. டிடிசி என்பது ஒன்றும் நான்கும் உச்சியில் இருக்கிற நேரம். அப்போது இரண்டும் மூன்றும் அடிமட்டத்தில். அங்கிருந்து எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் மேலே ஏறும், இரு பக்கமும் ஒரே உயரத்தில் எதிலோ முட்டும். ஒன்றோ நான்கோ முட்டியிருந்தால் டிடிசி குறி இந்த இடைவெளியில் நடுவாக வந்திருக்க முடியாது. இரண்டாவது காய்ந்து சுத்தமாக இருப்பதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. மிச்சம் மூன்று. ரிங் விட்டுவிட்டது, ஆனால் பிஸ்டன் நின்ற இடத்துக்கு மேலே, தண்ணீர் தேங்கி நின்ற உயரத்துக்கு, லைனரில் துருப்பட்டை இருக்கிறது. பிஸ்டன் அதைத்தான் முட்டுகிறது. இன்னும் பலம் கொடுத்தால் மேல் ரிங் அந்தப் பட்டையில் ஏறி உடையும். ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) திறக்காமலே இவ்வளவும் ஒரு சாக்பீஸ் சொல்லிவிட்டது. இந்த ரிப்பேரில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஹெட்டை இறக்கினோம். நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். ராக்கர்களைத் தள்ளும் புஷ்ராடுகள் இடம் மாறாமலிருக்க அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு அந்தந்த வரிசையில் குத்திவைத்தோம். மூன்றாவது லைனரில், மேல் விளிம்பிலிருந்து 40 மி.மீ. கீழே தொடங்கி 56 மி.மீ. வரை செம்மண் நிறத்தில் ஒரு பட்டை. நான்கில் சில புள்ளிகள், எண்ணெய்த் தாளால் தேய்த்ததும் போய்விட்டன. மூன்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து நகத்தை மேலும் கீழுமாக ஓட்டினால், நகம் குழிகளில் மாட்டியது. நகம் மாட்டினால் ஹோன் பண்ணி (உள்சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து) மட்டும் சரிக்கட்ட முடியாது என்பது பாயின் தீர்ப்பு. எனக்கும் அதில் மறுப்பில்லை.

செயின் பிளாக் வாடகைக்கு எடுத்து இன்ஜினை வெளியே தூக்கி, பிளாக்கை மன்னார்குடியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். போர் கேஜில் அளந்தபோது மற்ற மூன்று சிலிண்டர்களின் தேய்மானம் 0.08 மி.மீ.க்குள் இருந்தது. நான்கு லைனரும் புதிதாகப் போடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். செலவையும், வண்டி இனி ஓடப்போகிற தூரத்தையும் பார்த்து, மூன்றாவதுக்கு மட்டும் லைனர், பிஸ்டன், ரிங், பின் எல்லாம் புதிது. மற்றவற்றுக்கு லேசான ஹோனிங், புது ரிங் என்று முடிவு செய்தோம். ஒரு பிஸ்டன் மட்டும் புதிதென்றால் எடை பார்க்க வேண்டும். மளிகைக்கடை டிஜிட்டல் தராசில் பழையதையும் புதியதையும் வைத்தோம், வித்தியாசம் 6 கிராம். சரி என்று ஏற்றுக்கொண்டோம். புது ரிங்கைத் தனியாக லைனருக்குள் வைத்து ஃபீலர் கேஜில் வாய் இடைவெளி பார்த்தால் 0.40 மி.மீ. திறந்தது திறந்தாயிற்று என்று மெயின், பிக் எண்ட் பேரிங்குகளையும் மாற்றினோம். தண்ணீர் கலந்த ஆயிலில் இரண்டு வருஷம் கிடந்தவற்றை நம்பி மூடுவது சரியில்லை.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டியிருந்தது. இன்ஜின் வெளியே இருந்ததால் அதையும் சுத்தம் செய்தாயிற்று.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு வருஷம் நின்ற டீசல் பம்பில் பழைய டீசல் பசையாகிக் கிடக்கும். உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன நொடியில் இன்ஜின் எகிறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பம்பைக் கழற்றி டீசல் பம்ப் பட்டறையில் சுத்தம் செய்து, ஆக்ஸிலேட்டர் லீவரும் ஸ்டாப் லீவரும் தாமாகத் திரும்பி வருகின்றனவா என்று கையால் பலமுறை பார்த்தோம். அப்படியும் முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் வாயருகே ஒருவர் கனமான பலகையோடு நின்றார். எகிறினால் காற்றை அடைத்துத்தான் நிறுத்த முடியும். துணியை வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், பலகைதான் வேண்டும்.

ஃபில்டரில் ஏர் எடுத்து, நாசில் நட்டுகளைத் தளர்த்தி வைத்தபடியே ஆயில் பிரஷர் முள் எழும்வரை செல்ஃப் அடித்தோம். நட்டுகளை இறுக்கி மறுபடி அடித்ததும் இரண்டு சிலிண்டர் பிடித்தது, வெள்ளைப்புகை களம் முழுக்க. அரை நிமிடத்தில் நான்கும் சேர்ந்துகொண்டன. இருபது நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஆறவைத்து, ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பார்த்தோம்.

செலவு: லைனர் பிஸ்டன் செட் 4,200, மற்ற மூன்றுக்கு ரிங் 2,700, பேரிங்குகள் 3,800, கேஸ்கெட் செட் 2,600, லேத் கூலி 6,500, பம்பும் நாசிலும் 5,500, ஆயிலும் ஃபில்டர்களும் 4,000, பேட்டரி 6,500, செயின் பிளாக் வாடகையும் வண்டிக்கூலியும் 2,000, ஏடிஎஃபும் டீசலும் 700. பாய் கூலி வேண்டாமென்றார். மாமா விடாமல் 9,000 கொடுத்தார். மொத்தம் 47,500 ரூபாய்.

இன்னொரு வண்டிக்குச் செய்தால் வரிசையை மாற்றுவேன். செல்ஃபைக் கழற்றுவதற்கு முன்பே சேம்பர் வடிகால் போல்ட்டைத் தளர்த்திப் பார்ப்பேன், டேப்பெட் கவரைத் திறப்பேன். இரண்டுக்கும் காலணா செலவில்லை; தண்ணீர் போயிருக்கிறதா, எந்தச் சிலிண்டர் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஊறவைக்கிற கலவையை முதலிலேயே 120 மில்லிக்குக் குறையாமல் ஊற்றுவேன். நிறுத்தி வைக்கிற வண்டியென்றால் ஏர் வாயையும் சைலன்ஸர் வாயையும் தகரமூடி போட்டு அடைத்து, மாதம் ஒருமுறை புல்லியைக் கையால் இரண்டு சுற்று சுற்றிவைப்பேன்.

இப்போது ஆயில் குறைவது கண்ணில்படுகிற அளவில் இல்லை. காலையில் முதல் அடியிலேயே பிடிக்கிறது. பின் ஆயில் சீலில் மட்டும் ஒரு கசிவு இருக்கிறது. பிரேக் வீல் சிலிண்டர்களும் துருப்பிடித்திருப்பதால் இப்போதைக்கு ஊர் எல்லைக்குள் அரை லோடுதான் ஏற்றுகிறோம். அவற்றை மாற்றிவிட்டு எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோக வேண்டும்.